கால்பந்து பார்க்கப் போன பிள்ளைகள்

கல்கத்தாவுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். காளி கோயில், தட்சிணேசுவரம், பேலூர் மடம், ஹௌரா பாலம், வரும்போது மண்கலயத்தில் ரசகுல்லா. பட்டியல் இதோடு முடிந்துவிடும். ஈடன் தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வீட்டு ஆண்பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள், அதுவும் கிரிக்கெட்டுக்காக. ஆனால் அதே ஈடன் தோட்டத்தில், 1980-ம் வருஷம் ஆகஸ்ட் 16-ந் தேதி கால்பந்து ஆட்டம் பார்க்கப் போன 16 பேர் வீடு திரும்பவில்லை. அந்த நகரம் அவர்களை இன்னும் மறக்கவும் இல்லை. நம் பக்கத்தில் இது அநேகம் பேருக்குத் தெரியாத விஷயம்.

சென்ற ஆகஸ்டில் நாங்கள் குடும்பத்தோடு கல்கத்தா போயிருந்தோம். என் கொழுந்தனாருக்கு அங்கே உத்தியோகம். 2001 முதல் ஊரின் பெயர் கொல்கத்தா என்று மாறிவிட்டது. இருந்தாலும் நம் வாயில் கல்கத்தாதானே வருகிறது! உத்திரமேரூரில் பஸ் ஏறி செங்கல்பட்டு, அங்கிருந்து சென்னை, சென்ட்ரலில் ஹௌரா மெயில். கையில் புளிசாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, ஒரு டப்பா முறுக்கு. ஓர் இரவும் ஒரு முழுப் பகலும் ரயில் ஓடுகிறது. ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலம் வந்ததும் குழந்தைகள் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஒரிசாவில் சிலிகா ஏரி வந்தபோது, "அம்மா, நம்ம ஊர் ஏரி மாதிரி பத்து ஏரி இருக்கும்போல!" என்றான் சின்னவன். உத்திரமேரூர் ஏரியைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை, பாவம்!

இலிஷும் இறாலும்

கொழுந்தனார் குடியிருப்பது லேக் மார்க்கெட் பக்கம். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இருக்கிற இடம். மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாழைப்பூவும் கிடைக்கின்றன. மாடியில் இவர்கள், கீழே வீட்டுக்காரர்களான ஒரு வங்காளிக் குடும்பம். அந்த வீட்டுப் பெரியம்மாவை எல்லோரும் 'மாஷிமா' என்று கூப்பிடுகிறார்கள். நம் ஊரில் சித்தி, பெரியம்மா என்பது போல. என் ஓரகத்திக்கு வங்காளி சரளமாக வரும். எங்களுக்கு அவள்தான் துபாஷி.

போன மறுநாளே மாஷிமா எங்களுக்குக் கால்பந்து பாடம் எடுத்துவிட்டார். நமக்கு எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி இருந்ததில்லையா? அங்கே மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று இரண்டு கட்சி. மோகன் பகான் 1889-ல் ஆரம்பித்த கிளப். 1911-ல் அதன் ஆட்டக்காரர்கள் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை ஜெயித்தார்கள். சுதந்திரப் போராட்டக் காலத்தில் அது தேசத்துக்கே கிடைத்த வெற்றி. ஈஸ்ட் பெங்கால் 1920-ல் பிறந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களுக்கு, பிறகு பிரிவினையில் வீடு வாசல் இழந்து அகதிகளாக வந்தவர்களுக்கு, அதுதான் சொந்த ஊர் மாதிரி. மேற்குப் பக்கத்துக்காரர் 'கோட்டி', கிழக்கிலிருந்து வந்தவர் 'பாங்கால்'. கோட்டிகளுக்கு இறால், பாங்கால்களுக்கு இலிஷ் மீன், அதாவது ஆற்றில் ஏறிவரும் உல்லம். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அன்று இலிஷ் விலை ஏறுமாம். மோகன் பகான் ஜெயித்தால் இறால்.

"நான் கோட்டி வீட்டுப் பெண். வாழ்க்கைப்பட்டது பாங்கால் வீட்டில். அறுபது வருஷமா ஒரே அடுப்பில் ரெண்டும் வேகுது" என்றார் மாஷிமா சிரித்துக்கொண்டே.

ஆகஸ்ட் 16 என்று பேச்சு வந்தபோது மட்டும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த சனிக்கிழமை

1980 ஆகஸ்ட் 16 ஒரு சனிக்கிழமை. முதல் நாள்தான் சுதந்திர தினம். கல்கத்தா லீக் போட்டியில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் ஈடன் தோட்டத்து மைதானத்தில் மோதின. நகரத்துக்கு வெளியிலிருந்தும் ஜனங்கள் லோக்கல் ரயிலில் வந்து இறங்குகிற மாதிரி ஆட்டம் அது.

இரண்டு கட்சி ரசிகர்களும் ஒரே மாடத்தில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். மைதானத்தில் ஆரம்பத்திலிருந்தே ஆட்டம் முரட்டுத்தனமாக இருந்தது. இரண்டாம் பாதியில் மோகன் பகானின் பிதேஷ் போஸுக்கும் ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித்துக்கும் இடையே தகராறு முற்றி, நடுவர் இருவரையுமே சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றினார். மைதானத்தில் பற்றிய நெருப்பு மாடத்துக்குத் தாவியது. கல் வீச்சு, கைகலப்பு. தப்பி ஓடப் பார்த்தவர்கள் ஒரே சமயத்தில் வெளியே போகும் வழிக்குப் பாய்ந்தார்கள். விழுந்தவர் மேல் விழுந்தார்கள். 16 பேர் போனார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள்.

ஆட்டம் கோல் எதுவும் இல்லாமல் சமமாக முடிந்தது. ஆமாம், முடிந்தது. மாடத்தில் உயிர்கள் போய்க்கொண்டிருந்தபோது கீழே ஆட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது.

மாஷிமா வீட்டிலும் அன்று ஒருவர் போயிருந்தார். அவர் கணவர்தான். "அப்போ இந்தத் தெருவிலே போன் இருந்த வீடு ரெண்டே ரெண்டு. சாயங்காலம் ரேடியோவிலே ஏதோ கலாட்டான்னு சொன்னாங்க. அவ்வளவுதான் தெரியும். தெருவிலே இருக்கிற பொம்பளைங்க எல்லாம் வாசல்லே வந்து நின்னுட்டோம். ஒவ்வொருத்தரா வந்தாங்க. யார் வீட்டு ஆள் வந்தாலும் எல்லாரும் கும்பிடுவோம். இவர் வந்தப்போ ராத்திரி ஒன்பதுக்கு மேலே. வந்தவர் பேசவே இல்லை. மூடிவச்ச சோறு அப்படியே இருந்தது." ஓரகத்தி தமிழில் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இவர் திரும்பி வந்தார். திரும்பி வராத வீடுகளில் அன்று வாசலில் நின்றவர்கள் எத்தனை நேரம் நின்றிருப்பார்கள்?

மன்னா டேயை நமக்குத் தெரியும். 'செம்மீன்' படத்தில் பாடினாரே, அவர்தான். கால்பந்து பார்க்கப் போய்த் திரும்பாத பிள்ளையைப் பற்றி அவர் வங்காளியில் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். ஆகஸ்ட் வந்தால் அந்தப் பாட்டைத் தன்னால் கேட்க முடியாது என்றார் மாஷிமா. அவர் வீட்டில் யாரும் இறக்கவில்லை. இருந்தும் அப்படி.

ரத்தம் கொடுக்கும் நாள்

ஆகஸ்ட் 16 அன்று காலை காளிகாட் மெட்ரோ நிலையத்தில் ஏறி எஸ்பிளனேடில் இறங்கினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. அங்கிருந்து நடந்தால் மைதானம் என்கிற பெரிய புல்வெளி. கிளப்புகளின் மைதானங்கள் எல்லாம் இங்கேதான். கிளப் கட்டடத்தை இன்னும் 'டென்ட்' என்றே சொல்கிறார்கள். பரம வைரிகளான மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் குடியிருக்கிறார்கள். ஒன்றில் பச்சையும் அரக்குச் சிவப்புமாகக் கொடி, மற்றதில் சிவப்பும் தங்க நிறமும். மண் குவளையில் சூடான டீ, காகிதப் பொட்டலத்தில் கடுகெண்ணெய் கலந்த ஜால்முரி. நம் ஊர்க் காரப்பொரிக்கு அது அக்கா முறை!

ஹூக்ளி ஆற்றுப் பக்கமாக நடந்தால் ஈடன் தோட்டம். பெயர் கேட்டு ஏதேன் தோட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கவர்னர் ஜெனரல் ஆக்லண்டு பிரபுவின் சகோதரிகள் ஈடன் குடும்பத்துப் பெண்கள். அவர்கள் பெயரால் வந்ததாம். மரங்களும் குளமும், பர்மாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து நிறுத்திய மரத்தாலான பகோடாவும் இருக்கின்றன. அருகில் பிரம்மாண்டமான ஸ்டேடியம். இன்று அங்கே கிரிக்கெட்தான். பெரிய கால்பந்து ஆட்டங்கள் 1984-ல் திறந்த சால்ட் லேக் ஸ்டேடியத்துக்குப் போய்விட்டன. 1997-ல் அங்கே இதே இரண்டு கிளப்புகளும் மோதிய ஆட்டத்தை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். இப்போது இரு தரப்பு ரசிகர்களுக்கும் தனித்தனிப் பகுதி, தனித்தனி வாசல்.

ஆகஸ்ட் 16-ஐ அங்கே கால்பந்துப் பிரியர்கள் தினம் என்று வைத்திருக்கிறார்கள். வங்காளக் கால்பந்தை நடத்தும் ஐ.எஃப்.ஏ. சங்கம் ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் ரத்ததான முகாம் நடத்துகிறது. என்ன அழகான யோசனை பாருங்கள்! அன்று சிந்தியது வீணாகப் போன ரத்தம். இன்று கொடுப்பது பிழைக்க வைக்கிற ரத்தம். கொடுத்த ரத்தம் கோட்டி உடம்புக்குப் போகிறதா, பாங்கால் உடம்புக்குப் போகிறதா என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் ஒரு ரத்ததான முகாமில் கொடுத்தார்கள். நானும் ஆசையோடு போய் உட்கார்ந்தேன். விரலில் குத்திப் பார்த்த நர்ஸ் சிரித்துத் தலையை ஆட்டிவிட்டாள். ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 வேண்டும், எனக்கு இருந்தது 11 சொச்சம். "வீட்டிலே எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சம் இருந்தாத்தான் நீங்க சாப்பிடுவீங்க, அதானே?" என்றார் அங்கிருந்த லேடி டாக்டர் ஹிந்தியில். நம் சங்கதி அங்கேயும் தெரிந்திருக்கிறது! முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம் இவற்றோடு ஓர் எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்துக்கொள்ளவும், சாப்பிட்ட உடனே காபி, டீ குடிக்காமல் ஒரு மணி நேரம் விடவும் சொன்னார். உணவில் உள்ள இரும்புச்சத்தைக் காபியும் டீயும் உடம்பில் சேரவிடாதாம்.

ரத்தம் கொடுக்க விரும்பும் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன்: வயது 18 ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் கொடுக்கக் கூடாது. ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறையும், பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறையும் கொடுக்கலாம்.

இன்னொன்றும் மாஷிமா சொன்னார். 2024 ஆகஸ்டில் கல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் ஒரு பெண் பயிற்சி டாக்டர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அந்த மாதம் 18-ந் தேதி நடக்க வேண்டிய இரு கிளப்புகளின் ஆட்டத்தைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி ரத்து செய்துவிட்டார்கள். ஆட்டம் இல்லாத அன்றைக்கும் ரசிகர்கள் ஸ்டேடியத்துக்கு வந்தார்கள். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என மூன்று கிளப் கொடிகளும் ஒன்றாக நின்று அந்தப் பெண்ணுக்கு நியாயம் கேட்டன. 44 வருஷத்துக்கு முன்னால் ஒரே மாடத்தில் அடித்துக்கொண்ட கட்சிகள் அல்லவா இவை!

ஒரு தாயின் 24 வருஷம்

இப்படி நினைவு வைத்திருப்பதால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். போன உயிர் வரவா போகிறது? இதற்குப் பதில் இங்கிலாந்தில் இருக்கிறது.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் அணியின் ஆட்டம். கம்பி வேலி போட்ட பட்டி போன்ற அடைப்புக்குள் அளவுக்கு மீறி ஜனங்களை விட்டுவிட்டார்கள். முன்னே வேலி, பின்னே கூட்டம். மூச்சு முட்டியே இறந்தார்கள். காயத்தால் பல வருஷம் கழித்து இறந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 97 பேர். அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கொடுமை. குடித்துவிட்டு வந்த ரசிகர்களே காரணம் என்று பழியை இறந்தவர்கள் பக்கமே திருப்பினார்கள். பத்திரிகையில் பொய் வந்தது.

ஆன் வில்லியம்ஸ் என்ற தாய்க்கு கெவின் என்று 15 வயதுப் பிள்ளை. அன்று போனவர்களில் அவனும் ஒருவன். பிற்பகல் 3.15-க்குள் எல்லோருக்கும் உயிர் பிரியும் நிலை வந்துவிட்டது, அதற்கு மேல் நடந்ததை விசாரிக்க வேண்டியதில்லை என்று முதல் விசாரணையில் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாள் ஒப்பவில்லை. 3.15-க்குப் பிறகும் தன் பிள்ளைக்கு உயிர் இருந்தது, உதவி வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று சாட்சிகளைத் தேடித் தேடிப் போனார். சட்டம் படித்தவர் அல்ல, பணக்காரர் அல்ல. கோர்ட்டு, கடிதம், மனு என்று 24 வருஷம். 2012 டிசம்பரில் பழைய தீர்ப்புகளைக் கோர்ட்டு ரத்து செய்தது. அதைக் கண்ணால் பார்த்த அவர், 2013-ல் புற்றுநோயால் காலமானார். 2016 ஏப்ரலில் புதிய விசாரணையின் முடிவு வந்தது: ரசிகர்கள் மேல் குற்றம் இல்லை, இறந்தவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டவர்கள்.

அதற்கு முன்பே அந்த நாட்டுப் பெரிய மைதானங்களில் கம்பி வேலிகள் போயின. எல்லோருக்கும் உட்கார இருக்கை வந்தது. நினைவு வைத்திருந்தவர்கள் உண்மையை வாங்கினார்கள், வழியையும் திறந்துவிட்டார்கள்.

வழி திறந்திருக்கவில்லை என்றால் என்ன ஆகும்? பெரு நாட்டின் லிமா நகரில் 1964-ல் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. படிக்கட்டின் அடியில் கதவுகள் மூடியிருந்தன. 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் மலாங் நகரில் 135 பேர். அங்கேயும் கண்ணீர்ப்புகை, நெரிசலான வாசல். ஊர் வேறு, பாஷை வேறு, வருஷம் வேறு. கதை ஒன்றுதான்.

நம் ஊர்க் கூட்டங்கள்

நமக்குக் கால்பந்துப் பைத்தியம் கிடையாது என்று ஆறுதல் பட்டுக்கொள்ள முடியுமா? 1992 பிப்ரவரி 18 அன்று கும்பகோணம் மகாமகத்தில் சுமார் 50 பேர். 2005 டிசம்பரில் சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணம் வாங்க விடியற்காலையில் வரிசையில் நின்றவர்களில் 42 பேர். 2025 ஜூன் 4 அன்று பெங்களூர் ஸ்டேடியம் வாசலில் கிரிக்கெட் வெற்றி விழாவுக்குப் போன 11 பேர். அதே வருஷம் செப்டம்பர் 27 அன்று கரூர் கூட்டத்தில் 41 பேர். அதில் பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும்.

எங்கள் மாவட்டத்துக்கே வாருங்கள். 40 வருஷத்துக்கு ஒரு முறை எழுந்தருளும் காஞ்சிபுரம் அத்திவரதரை 2019 ஜூலை 1 முதல் 48 நாள் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் தரிசித்தார்கள். உத்திரமேரூரிலிருந்து 30 கிலோமீட்டர்தானே! கைக்குழந்தையோடு போகாத தெரு இல்லை. அந்த நெரிசலிலும் சில உயிர்கள் போயின.

இத்தனைக்கும் நாம் கற்றுக்கொள்ள முடியாதவர்கள் அல்ல. 1992-க்குப் பிறகு 2004-லும் 2016-லும் மகாமகம் வந்தது. ஒரே நேரத்தில் குளத்தில் இறங்காமல் ஜனங்களைப் பல நாட்களுக்குப் பிரித்துவிட்டார்கள். வரும் வழி, போகும் வழி என்று வகுத்தார்கள். பழைய விபரீதம் மறுபடி நடக்கவில்லை. யாரோ நினைவு வைத்திருந்ததால்தானே?

குழந்தையோடு கூட்டத்தில்

மிதிபட்டு இறப்பவர்களை விட, நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுந்தி மூச்சு முட்டி இறப்பவர்கள் அதிகம் என்கிறார்கள் டாக்டர்கள். வாசலில் போடும் மூன்றடிக்கு மூன்றடிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு மூன்று பேர் நின்றால் சௌகரியம். ஐந்து பேருக்கு மேல் போனால் ஆபத்து ஆரம்பம். ஏழு பேர் ஆனால் யாரும் தானாக நடக்க முடியாது. கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும். ஆகவே,

• போனதும் சாமியைப் பார்க்குமுன், மேடையைப் பார்க்குமுன், வெளியே போகும் வழியைப் பாருங்கள். வந்த வழி தவிர இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்.

• குழந்தையின் சட்டைப் பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு வையுங்கள். கிளம்பும்போது ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால், என்ன சட்டை போட்டிருந்தான் என்று தவிக்க வேண்டாம். பிரிந்துபோனால் சேர வேண்டிய இடத்தை முன்பே சொல்லுங்கள்.

• முந்தானையை இழுத்துச் செருகுங்கள். துப்பட்டா கழுத்தைச் சுற்றி இருக்க வேண்டாம். செருப்பு வாரோடு இருக்கட்டும்.

• கையைத் தூக்கி முகத்தைத் துடைக்க முடியவில்லை, நடக்காமலே நகர்கிறீர்கள் என்றால் அதுதான் எச்சரிக்கை. தரிசனம் இன்னொரு நாள் ஆகட்டும், உடனே ஓரத்துக்கு வந்துவிடுங்கள். ஆனால் சுவரும் தடுப்பும் உள்ள ஓரம் வேண்டாம், நசுக்குவது அங்கேதான்.

• அலை தள்ளும்போது எதிர்த்துத் தள்ளாதீர்கள். அது ஓய்ந்த சமயம் பார்த்துக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக நகருங்கள். இரு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்தால் மூச்சு விட இடம் இருக்கும். குழந்தையை இடுப்பில் வைக்காமல் தோள் உயரத்துக்குத் தூக்கிவிடுங்கள்.

• கீழே விழுந்த செருப்பு, பை எதற்கும் குனியாதீர்கள். விழுந்துவிட்டால் உடனே எழ முயலுங்கள். முடியாவிட்டால் மல்லாந்தோ குப்புறவோ கிடக்காமல், ஒருக்களித்துச் சுருண்டு, கைகளால் தலையை மூடிக்கொள்ளுங்கள்.

• கைக்குழந்தைக்காரிகளும் கர்ப்பிணிகளும் முக்கிய நாளைத் தவிர்த்துவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். ஆபத்தென்றால் 108.

என் பெரியவனுக்கு 16 வயது. சேப்பாக்கத்தில் மேட்ச் பார்க்கப் போகணும் என்று ஒரு வருஷமாக நச்சரிக்கிறான். கல்கத்தா கதை கேட்ட பிறகு, "இனிமே எங்கேயும் அனுப்ப மாட்டியாம்மா?" என்றான். அனுப்பாமல் எப்படி? பிள்ளைகள் கூட்டத்தோடு சேர்ந்து கத்திச் சந்தோஷப்படத்தான் வேண்டும். மேலே எழுதியதை அவனுக்கு ஒப்பிக்கத் தெரிந்தால் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது மனப்பாடம் நடக்கிறது!

கல்லில் எழுதியது

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு எங்கெங்கிருந்தோ வந்து கல்வெட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைத் தேர்தல் விதிகள். பெண்களுக்கு அதில் இடமில்லை, அது வேறு கதை! ஒரு கூட்டத்தை எப்படி நடத்த வேண்டும் என்று அதில் எவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? ஊரில் சிறியவர் பெரியவர் எல்லோரும் கூட வேண்டும். குடத்தைப் பெரியவர் ஒருவர் எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடிக்க வேண்டும். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். முதலில் எழுதிய விதியில் குறை தெரிந்தது. இரண்டே வருஷத்தில் திருத்தி மறுபடி கல்லில் வெட்டினார்கள்.

நம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் தீமிதி வருகிறது, தேர் வருகிறது, காணும் பொங்கல் வருகிறது. விழாக் குழுவில் பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் ஆள் ஆளுக்குப் பொறுப்பு இருக்கும். வரி வாங்க நம் வீட்டு வாசலுக்கு வருவார்கள் அல்லவா? அப்போது நாம் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: "பொம்பளைங்களும் குழந்தைங்களும் வெளியே போற வழி எது? அதுக்கு யார் பொறுப்பு?" பதில் சொன்ன பிறகு பணத்தைக் கொடுப்போம்.